முப்பத்தேழாவது புகார்

அந்தப் புகார் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு, கை ஈரம் காயும் முன்பே அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். நச்சரிப்பு என்று எல்லோரும் கூப்பிடும் பையன்தான். வரப்போகும் மென்பொருள் பதிப்பைப் பற்றி அவன் அனுப்பிய முப்பத்தேழாவது புகார் அது.

"அக்கா, ரெண்டு டிஸ்க் இருக்குற மிஷின்ல முதல் டிஸ்க்க அழின்னு சொன்னா, ரெண்டாவத அழிக்குது. என்னோடது போச்சு. ஞாயித்துக்கிழமை வெளியிடாதீங்க."

பெருமூச்சு விட்டாள். முந்தின முப்பத்தாறில் பாதிக்குமேல், கடிகாரம் ஒரு நூல் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, குப்பைத்தொட்டிப் படம் சாய்ந்திருக்கிறது என்கிற ரகம். புலி வருது புலி வருது என்று கத்தியே பேர் வாங்கியவன். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். அது அவனுக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டான்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, புகாரக்கா. பகலில் அவளுக்கு லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார் மேஜை. நாலாவது மாடியில் நின்றுவிட்டது, கதவு மூட மாட்டேன் என்கிறது, உள்ளே மாமனார் மாட்டிக்கொண்டார் என்று போன் வரும். பதிந்து, ஆளை அனுப்பி, சாயங்காலத்துக்குள் 'முடிந்தது' என்று குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் மேலாளர் பார்ப்பது எத்தனை புகார் வந்தது என்பதை அல்ல, எத்தனை மூடப்பட்டது என்பதை. பன்னிரண்டு வருஷமாக மூடி மூடி அவள் விரலுக்கே அது பழகிப்போயிருந்தது. மாலையில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் சும்மாடுக்குச் செய்தாள்.

சும்மாடு, அவளும் நச்சரிப்பும் உட்பட ஒன்பது பேர் சேர்ந்து கட்டிய லினக்ஸ் பதிப்பு. கணினியை இயக்கும் மென்பொருள்களில், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடப்பட்டது லினக்ஸ். அதை, பழைய கணினியும் தாங்கும்படி இளைக்கவைத்து, மெனுக்களைச் சொந்த மொழியில் போட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வலையில் வைப்பார்கள். பாரம் சுமக்கிற தலைக்குச் சும்மாடு போல, கிழட்டுக் கணினிக்கு இது. சும்மா கொடுப்பதால்தான் சும்மாடு என்பது அவள் கணவரின் கேலி. ஒன்பது பேரில் ஒருவனைத்தான் அவள் நேரில் பார்த்துப் பழகியிருந்தாள். அவன் ஆமை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன். பதிப்பைக் கணினியில் ஏற்றும் நிரலை எழுதியது அவன்தான். நிதானமாகச் செய்வான், ஆனால் வைத்த அடியைப் பின்னால் எடுக்க மாட்டான்.

அன்று மாலை அவனிடம் சொன்னாள்.

"அவனாக்கா? தூக்கக் கலக்கத்துல எதையாவது அமுக்கியிருப்பான். போஸ்டர் ஒட்டியாச்சு, நூலகத்துல ஹால் சொல்லியாச்சு. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா ஒரு தடவ போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தாள். தன் கணினியில் பழைய டிஸ்க் இரண்டை மாட்டி, முதல் டிஸ்க்கை அழிக்கச் சொன்னாள். முதல் டிஸ்க்தான் அழிந்தது. ஒரே ஒரு தடவை. 'என்னிடம் சரியாக வருகிறது' என்று எழுதிப் புகாரை மூடினாள். அவனிடமிருந்து மறுபேச்சு வரவில்லை. எப்போதும் ஒன்றுக்கு மூன்று பதில் போடுகிறவன். அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, புதுப் பதிப்பை ஏற்றிக்கொள்ள, நூலகத்தின் மாடி ஹாலில் நாற்பத்தொரு கணினிகள் வந்து சேர்ந்தன. நீள மேஜைகளில் ஒயர்கள் பின்னிக் கிடந்தன. ஆமை ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். வாசலருகே அவள் படிவங்களோடு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிவாக்கில் ஒரு வெல்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்கை முழுக்கப் பொறி பட்ட சிறுசிறு தழும்புகள். கணினியைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியிருந்தார். மூச்சு வாங்கியது.

"முக்கியமானதுக்கெல்லாம் நகல் எடுத்துட்டீங்களா சார்?" படிவத்தின் நாலாவது கேள்வி அது.

"எல்லாம் ரெண்டாவது டிஸ்க்ல இருக்கும்மா. முதல்ல இருக்குறது எதுவும் வேணாம். ரெண்டாவதத் தொட மாட்டாங்கல்ல?"

"தொட மாட்டாங்க."

"இல்ல, மூணு வாரத்துல விசாரணை இருக்கு. அது சம்பந்தப்பட்டதுதான் அதுல. இந்த மிஷின் தொறக்கவே அரை மணி நேரம் ஆகுது. சீக்கிரமா வேலை பாத்து வக்கீல்கிட்ட குடுக்கணும், அதான் வந்தேன்."

"கவலப்படாதீங்க சார். பத்திரமா இருக்கும்."

சொல்லும்போதே நச்சரிப்பின் வரி, காதோரம் கொசு வந்து போவதுபோல வந்து போனது. வெல்டருக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். "அப்ப நாலாவதுக்கு ஆமான்னு டிக் போட்டுடுங்க" என்றாள். போட்டார்.

பழைய டிஸ்க்கில் தடயமே இல்லாமல் சுழியங்களால் நிரப்பிக் கழுவிவிடும் வசதி இந்தப் பதிப்பில் புதிது. ஆமைக்கு அதில் ஏகப் பெருமை. வெல்டரின் கணினியில் அந்தக் கழுவல் முடிய மூன்று மணி நேரம் ஆனது. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு அடுக்குமாடியின் லிப்ட் புகாரைப் பதிந்துகொண்டிருந்தபோது அவள் கைபேசி அடித்தது.

"அம்மா, நூலகத்துக்கு வந்தேனே, வெல்டர். இதுல பழசெல்லாம் அப்படியே இருக்கும்மா. நான் வேணாம்னு சொன்னதெல்லாம் இருக்கு. வேணுங்கிறதுதான் காணோம்."

பதிந்துகொண்டிருந்த புகாரை அப்படியே விட்டாள். "எதுலயும் கை வைக்காதீங்க சார். சாயங்காலம் வர்றோம்" என்று மட்டும் சொன்னாள்.

வெல்டரின் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். கூடத்தில் துணி காய்ந்தது. அவர் மனைவியின் தங்கை, மச்சினி, கதவைத் திறந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். ஆமை கணினியின் முன் உட்கார்ந்ததும், கேட்காமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா குளிர்கிடங்குல பொட்டி அடுக்குற வேலை பாத்தா. குழாய்ல அம்மோனியா கசியுது, கண்ணு எரியுதுன்னு ரெண்டு மாசமா சொல்லிகிட்டே இருந்தா. யாரும் காதுல போட்டுக்கல. அப்புறம் அவளே போன்ல படம் எடுக்க ஆரம்பிச்சா. சூப்பர்வைசர்கிட்ட பேசுறதெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெச்சா. போன வருஷம் குழாய் வெடிச்சப்ப உள்ள இருந்தது அவளும் இன்னொரு அம்மாவும்தான். ரெண்டு பேரும் பொழைக்கல." கொடியில் காய்ந்த ஒரு துணியை இழுத்துவிட்டாள். "போன் அன்னிக்கு வெளியில லாக்கர்ல இருந்துச்சு. நான்தான் எல்லாத்தையும் இதுல ஏத்தினேன். அப்புறம் அந்த போனும் பேட்டரி ஊதிச் செத்துப்போச்சு. வக்கீல் ஒரு தடவ வந்து பாத்தாரு. எல்லாத்தையும் தேதி வாரியா எழுதிக் கொண்டாங்கன்னாரு."

"வேற எங்கயாவது நகல்..."

"ரெண்டாவது டிஸ்க்தான் நகல்னு நெனச்சோம்" என்றார் வெல்டர்.

ஆமை இரண்டு மணி நேரம் போராடினான். சுழியம் எழுதின இடத்தில் சுழியம்தான் இருந்தது. அவன் கழுவல் அவ்வளவு சுத்தம். கடைசியில், அழியாமல் தப்பிய முதல் டிஸ்க்கில், முன்பு திறந்து பார்த்த கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் கிடைத்தது. கூடவே அந்தப் படங்களின் நகக்கண் அளவுச் சுருக்கங்கள். மச்சினி குனிந்து பெயர்களைப் படித்தாள். குழாய் மூணு மறுபடியும். சூப்பர்வைசர் சிரிக்கிறார். இன்னைக்கு நாலு பேருக்கு வாந்தி. நாளைக்கு ஆள் வரும்னாங்க. படங்களைப் பெரிதாக்கினால் சாம்பல் கட்டங்கள்தான் தெரிந்தன. எது குழாய், எது சுவர் என்று சொல்ல முடியவில்லை.

"அவ கொரல்?" என்று கேட்டார் வெல்டர்.

ஆமை இல்லை என்று தலையை ஆட்டினான்.

வெல்டர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "கம்பிய ஒட்டுற கை. எனக்கு எதுக்கு இந்த வேலை? நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

"அந்தத் திரையில கொஞ்சம் குழம்புறது சகஜம்தான் சார்" என்றான் ஆமை, அவளைப் பார்க்காமல்.

மச்சினி டீ கொண்டுவந்து வைத்தாள். புகாரக்கா அதை எடுத்துக் குடித்தாள். வாயைத் திறந்தால் எது வருமோ என்று பயந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் பேருந்து ஓட்டுகிறவர், வீட்டில் அதிகம் பேசாதவர். அவர்தான் கேட்டார். சொன்னாள்.

"சொன்னா அந்த டிஸ்க் திரும்பி வந்துடுமா?"

"வராது."

"அப்புறம் எதுக்குப் போய் வாயக் குடுக்குற?"

"அவரு தன் கையத் தானே பழிச்சுகிட்டு உக்காந்திருக்காருங்க."

அவர் தட்டைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் மறுபடி போட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை, ஹாலில் செய்ததைப் போலவே, பதிப்பு இருந்த பென்டிரைவைச் செருகிவிட்டுக் கணினியை முடுக்கினாள். போன வாரம் அவள் குறுந்தகட்டைப் போட்டு முடுக்கியிருந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான். பென்டிரைவ் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ள, திரையில் காட்டிய வரிசைக்கும் நிரல் வைத்திருந்த வரிசைக்கும் ஒன்று தள்ளிப்போனது. முதலாவதை அழிக்கச் சொன்னாள், இரண்டாவதை அழித்தது. ஐந்து நிமிஷ வேலை. நச்சரிப்பிடம் 'எப்படிச் செய்தாய்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அன்று மாலை ஒன்பது பேரும் போனில் கூடினார்கள். அவள் கண்டதைச் சொன்னாள்.

"திருத்தி ரெண்டு நாள்ல புதுசு விட்டுடலாம்" என்றான் ஆமை. "அதுவரைக்கும் சத்தம் போட வேணாம். அவரு நகல் எடுத்ததா டிக் போட்டிருக்காரு. படிவம் நம்மகிட்ட இருக்கு. யார்கிட்டயும் பத்து காசு வாங்கல நாம."

"புகார் முன்னாடியே வந்துச்சே" என்றது ஒரு குரல்.

"மூடியாச்சே. அதத் தோண்டி யார் பாக்கப்போறா?"

"பாக்குறதுக்குத்தானே எல்லாத்தையும் பொதுவுல வெச்சிருக்கோம்" என்றாள் அவள். பிறகு கேட்டாள். "நச்சரிப்பு, இருக்கியாப்பா? உன் டிஸ்க்ல என்ன இருந்துச்சு?"

அவன் இரவுக் காவல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பேருந்து இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. "அடுத்த பதிப்புக்கு மொழிபெயர்த்து வெச்சிருந்த உதவிப் பக்கங்கக்கா. எட்டு மாச வேலை. முடிச்சிட்டு மொத்தமா அனுப்பலாம்னு வெச்சிருந்தேன்."

"ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க மூடிட்டீங்களேக்கா."

அவள் போனை வைத்தாள். பதிப்பை வலையிலிருந்து இறக்கிக்கொள்ளும் பக்கத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது. ஆறாயிரம் பேர் அதற்குள் இறக்கியிருந்தார்கள். எட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் பென்டிரைவ்கள் போயிருந்தன. அந்தப் பக்கத்தை வலையிலிருந்து நீக்கினாள். மூடிய புகாரைத் திறந்து, 'இது உண்மை. சரியாகச் சோதிக்காமல் மூடியது நான். இந்தப் பதிப்பை யாரும் ஏற்ற வேண்டாம்' என்று எழுதினாள். நூலகத்துக்கு வந்த நாற்பத்தொரு பேரையும் கூப்பிட்டாள். இரண்டு டிஸ்க் வைத்திருந்தவர்கள் வெல்டரோடு மூன்று பேர். மற்ற இருவரில் ஒருவர், போனது பழைய சினிமாப் பாட்டுகள்தான் என்றார். இன்னொரு பெண்மணி பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

ஆமை அன்றோடு விலகினான். "நாலு வருஷ உழைப்ப ஒரு வரியில கொளுத்திட்டீங்கக்கா. பள்ளிக்கூடத்துக்காரங்க இனி நம்ம பக்கம் தலவெச்சுப் படுப்பாங்களா?" அவன் சொன்னதும் பொய்யில்லை. பின்னாலேயே இன்னும் மூன்று பேர் போனார்கள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வெல்டரின் பட்டறைக்குப் போனாள். இரும்புக் கதவு ஒன்றைப் படுக்கவைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார் போல. கண்ணில் அது தெரிந்தது. அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் கெடைக்கல சார். நீங்க எதையும் தப்பா அமுக்கல. எங்க நிரல்ல தப்பு. நீங்க நூலகத்துக்கு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே ஒரு பையன் எனக்கு எழுதினான். நான் சரியா பாக்காம மூடிட்டேன்."

அவர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமையே புகார் வந்துச்சு சார்."

"அது இல்ல. என் வீட்டுக்கு வந்தீங்களே, அப்ப தெரியுமா?"

"தெரியும்."

"டீ குடிச்சீங்களே."

"ஆமா சார்."

"நான் என் கையப் பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். நீங்க டீ குடிச்சீங்க."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பட்டறையில் வேறு ஒருவர் அரைப்பு இயந்திரத்தை ஓட்ட, பொறிகள் வந்து அவள் செருப்போரம் விழுந்து அணைந்தன. சத்தம் ஓய்ந்ததும் வெல்டர் கேட்டார்.

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? வக்கீல்கிட்ட குடுக்கணும். இருந்துச்சு, போச்சுன்னு நான் சொன்னா எவன் நம்புவான்?"

"எழுதியும் தர்றேன், நேர்லயும் வந்து சொல்றேன்."

"சரி" என்று முகமூடியை இறக்கிக்கொண்டார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜையும், ஒரு பக்கம் சாய்ந்த காற்றாடியும், சுவரோரம் கட்டுக் கட்டாகக் காகிதங்களும் இருந்தன. விசாரணை அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார். குளிர்கிடங்கின் வக்கீல், சின்ன வயசுப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"அந்த டிஸ்க்ல இருந்த கோப்புகள நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாக்கல. பெயர்ப் பட்டியலத்தான் பாத்தேன்."

"ஒரு கோப்புக்கு யார் என்ன பேர் வேணும்னாலும் வைக்கலாம், இல்லையா?"

"வைக்கலாம். ஆனா..."

"ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா."

"அழிஞ்சதுக்குக் காரணம் உங்க கவனக்குறைவு. குளிர்கிடங்கு நிர்வாகத்துக்கு அதுல எந்தச் சம்பந்தமும் இல்ல. சரிதானே?"

"சரிதான்."

அவ்வளவுதான். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய மனசோடு உண்மையைச் சொல்ல வந்தவள், எதிராளியின் கையில் ஒரு துருப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். வெல்டரின் வக்கீல் தான் பார்த்ததைச் சொல்ல முயன்றார். வக்கீலே சாட்சியாக முடியாது என்று அதிகாரி தும்மலுக்கு நடுவே தடுத்துவிட்டார். இறந்துபோன இன்னொரு பெண்ணின் வீட்டார் வரவேயில்லை. கிடங்கில் கூட வேலை பார்த்தவர்களில் ஒருத்திதான் வந்தாள். வந்தவளும் கசிவு வாசனை வந்த மாதிரிதான் இருந்தது என்று இழுத்துவிட்டு, சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து, சரியாக நினைவில்லை என்று முடித்தாள்.

தீர்ப்பு நாளன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. தேதியை விசாரித்துக்கொண்டு தானாகவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அதிகாரிக்குச் சளி சரியாகியிருந்தது. குழாய்கள் காலாகாலத்தில் பராமரிக்கப்பட்டதாகப் பதிவேடு சொல்கிறது, முன்கூட்டியே எச்சரிக்கை தரப்பட்டது என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை, ஆகவே இது விபத்து என்று படித்து முடித்துக் கையெழுத்திட்டார். மச்சினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெல்டர் ஏதோ புரியாதவர்போல வக்கீலின் முகத்தையே பார்த்தார். அவர் மெதுவாக மறுபடி சொன்னார். அப்புறம்தான் இவர் தலை கவிழ்ந்தது.

நடைகூடத்தில் அவளைப் பார்த்துவிட்டார். ஓடி ஒளிய இடமில்லை. கிட்டே வந்தார்.

"வந்து சொன்னீங்க. சொல்லாம இருந்திருக்கலாம், ஆனா சொன்னீங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சார், ஒரு மேல்முறையீடு..."

"வக்கீல் பாத்துக்குவாரும்மா." அவர் அவளைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார். "உங்களப் பாத்தா எனக்கு அந்தப் பச்சைக் கோடுதான் ஞாபகம் வருது. மூணு மணி நேரம் உக்காந்து பாத்தேன், என் கண்ணு முன்னாடியே. சீக்கிரம் முடியணும்னு வேண்டிகிட்டேன். இனிமே வராதீங்கம்மா. போனும் பண்ணாதீங்க."

மச்சினி அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள்.

அவள் நடைகூடத்தில் நின்றாள். அவர்களும் அவளும் ஒரே நிறுத்தத்தில்தான் பேருந்து ஏற வேண்டும். கைபேசியில் செய்தி வந்த அதிர்வு. சும்மாடில் மிச்சமிருந்த மற்ற நாலு பேரில் ஒருவர், பக்கத்தை நிரந்தரமாக மூடிவிடலாமா என்று கேட்டிருந்தார். பதில் எழுதாமல் பைக்குள் போட்டாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் நிறுத்தம் தெரிந்தது. வெல்டர் கம்பத்தில் சாய்ந்து நின்றார். மச்சினி கையில் மடித்த காகிதக் கட்டு. முதல் பேருந்து கூட்டமாக வந்தது, அவர்கள் ஏறவில்லை. இரண்டாவதில் ஏறினார்கள். அது திருப்பத்தைத் தாண்டிக் கண்ணில் இருந்து மறைந்த பிறகும், அது வழியில் எங்கேயாவது நின்று, அவர்களை மறுபடி எதிர்கொள்ள நேர்ந்தால் என்ன செய்வது என்று பயந்து, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு மெதுவாகப் படி இறங்கினாள்.